டியூரா கிழிந்து தைத்திருக்கிறார்கள், அப்பா எப்போது எழுந்து உட்காரலாம்?

தென்னங்கீற்று:

வணக்கம். அப்பாவுக்கு வயது 68. கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு காலும் கனத்துப்போய் நின்றுவிடுவார், எதையாவது பிடித்துக் குனிந்து நின்றால் சரியாகும், மறுபடி நடந்தால் மறுபடி அதே கதை. ஸ்கேனில் இடுப்புப் பக்க முதுகெலும்பில் எல்3-எல்4, எல்4-எல்5 இரண்டு இடத்திலும் நரம்பு போகும் பாதை குறுகிப்போயிருக்கிறது, பின்பக்க எலும்பையும் தடித்துப்போன ஜவ்வையும் எடுத்து இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் சம்மதித்தோம்.

ஆபரேஷன் சொன்னதை விட ரொம்ப நேரம் இழுத்தது. வெளியே வந்த சர்ஜன், நரம்பை எல்லாம் நன்றாக விடுவித்துவிட்டோம், ஆனால் ஜவ்வை எடுக்கும்போது டியூரா என்ற உறை ஓர் இடத்தில் சின்னதாகக் கிழிந்துவிட்டது, உடனே பார்த்துத் தைத்து, மேலே பசை மாதிரி ஒன்றும் போட்டுவிட்டோம், கொஞ்ச காலம் தலையணை இல்லாமல் மட்டமாகப் படுத்திருக்கட்டும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

இப்போது அப்பா படுத்தே இருக்கிறார். கால் குடைச்சல் நிறையக் குறைந்திருக்கிறது என்கிறார், இடது பாதத்தில் மட்டும் மரத்த மாதிரி இருக்கிறதாம். நாளை மெதுவாக உட்கார வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்க வந்த உறவினர் ஒருவர், மூளையில் இருக்கிற தண்ணீர் எல்லாம் முதுகு வழியாக ஒழுகிவிடும், கால் விழுந்துவிடும், எழுப்பவே எழுப்பாதீர்கள் என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அப்பா தும்மக்கூடப் பயப்படுகிறார்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? நாளைக்கே உட்கார வைப்பது சரியா, இன்னும் படுக்க வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமா? இது டாக்டரின் தவறா? அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

படுக்கைவாசி:

தம்பி, முதலில் அந்த உறவினரை இன்னொரு தடவை உள்ளே விடாதீர்கள். வயதானவர் காதில் இப்படிப் போடுவது வைத்தியத்தை விட அதிகமாக ஆளைப் படுக்க வைக்கும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. எனக்கு டிஸ்க் பிதுங்கியதற்கு ஏற்கனவே ஒரு ஆபரேஷன் ஆகி, அதே இடத்தில் சில வருடம் கழித்து மறுபடி பிதுங்கி, இரண்டாம் முறை திறந்தபோது கிழிந்தது. ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜன், பழைய தழும்பு உள்ளே இருக்கிறது, உறை கிழிய வாய்ப்பு முதல் தடவையை விட அதிகம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அதனால் நடந்தபோது எனக்கு அதிர்ச்சி குறைவு, எரிச்சல்தான் அதிகம்.

படுத்திருந்த காலம் கொடுமை, பொய் சொல்ல மாட்டேன். முதுகு வலியை விட, மட்டமாகப் படுத்துக்கொண்டு சாப்பிடுவதும், சிறுநீர்க் குழாயோடு கிடப்பதும், கூரையைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்குவதும்தான் பெரிய தொந்தரவு. உட்கார வைத்த முதல் நாள் தலை கொஞ்சம் கிறுகிறுத்தது, ரொம்ப காலம் படுத்துவிட்டு எழுந்தால் யாருக்கும் அப்படி இருக்கும் என்றார்கள், சிறிது நேரத்தில் போய்விட்டது. தலைவலி வரவில்லை. காயம் காய்ந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தக் கிழிசலால் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன், எடை மட்டும் தூக்குவதில்லை, அதுவும் கிழிசலுக்காக இல்லை, டிஸ்க்குக்காக.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மலச்சிக்கல். வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு படுத்தே கிடந்தால் வயிறு கல்லாகிவிடும், அப்புறம் முக்க வேண்டி வரும், புதுத் தையலுக்கு அந்த அழுத்தம் நல்லதல்ல. மலத்தை இளக்கும் மருந்து எழுதியிருக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். இருமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தும்மல் வந்தால் அடக்க வேண்டாம், வாயைத் திறந்து தும்மினால் போதும் என்று எனக்குச் சொன்னார்கள். ஒரு தும்மலில் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுதான் உள்ளே அழுத்தத்தைக் கூட்டும்.

நேர்மறுப்பு:

எல்லாரும் சேர்ந்து சாதாரணம் சாதாரணம் என்று தாலாட்டுப் பாடுகிறீர்கள். கிழிக்கக் கூடாத ஒன்று கிழிந்திருக்கிறது, கிழித்தது கத்தி பிடித்தவர். அதற்கு வேறு பெயர் வைத்தால் தவறு தவறாகாமல் போய்விடுமா? கன்சென்ட் படிவத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும் போலிருக்கிறது. கேஸ் ஷீட் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கத்திமுனை:

முதுகெலும்பு ஆபரேஷன்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அவரைப் பற்றிய முடிவு அவருடைய சர்ஜனுடையது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தண்டுவடத்தையும் நரம்புகளையும் சுற்றி மூன்று உறைகள் உண்டு, வெளியே இருக்கிற தடிமனான உறைதான் டியூரா. அதற்கு உள்ளே மெல்லிய அரக்னாய்டு, அதற்கும் உள்ளே நரம்பைச் சுற்றித் தண்டுவட நீர். கால் விழுந்துவிடும் என்று உங்கள் உறவினர் சொன்னதற்கு முதல் பதில் இங்கேயே இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1-எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. எல்4-எல்5-இல் அந்தப் பைக்குள் மிதப்பது தனித்தனி நரம்பு இழைகள்தான், தண்டுவடம் அங்கே இல்லை. உறை கிழிவது வேறு, உள்ளே இருக்கிற நரம்பு அடிபடுவது வேறு. இரண்டும் சேர்ந்து நடக்கலாம், ஆனால் பெரும்பாலான கிழிசல்களில் நரம்புக்கு ஒன்றும் ஆவதில்லை.

மூளை நீர் முழுவதும் ஒழுகிவிடும் என்பதற்கும் இதே கதைதான். உடம்பில் மொத்தம் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது, மூளை ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. அதாவது நாளுக்கு மூன்று தடவை தானாகவே மாறிக்கொண்டிருக்கும் நீர் அது. ஆபரேஷன் டேபிளில் கொஞ்சம் போனது திரும்ப வந்துவிடும். போய்க்கொண்டே இருந்தால்தான் பிரச்சினை. அதனால் கிழிந்ததா என்று இனிமேல் கவலைப்பட்டுப் பயனில்லை, தைத்த இடம் இப்போது ஒழுகுகிறதா இல்லையா, அதை மட்டும் பாருங்கள்.

ஏன் கிழிகிறது? வயதானவர்களுக்குப் பாதை குறுகும்போது, பின்பக்கம் இருக்கிற மஞ்சள் ஜவ்வு தடித்து, பல வருடம் டியூரா மேல் அழுந்தி, சில இடங்களில் அதோடு ஒட்டியே போய்விடும். டியூராவும் வயதில் மெலிந்திருக்கும். பழைய சுவரொட்டியை உரித்தால் சில இடத்தில் காரையும் சேர்ந்து வருமே, அப்படித்தான். எலும்பைக் கடித்து எடுக்கும் கெரிசன் என்ற கருவி இருக்கிறது, அதன் வாயில் டியூராவின் ஒரு மடிப்பு சிக்கினால் போதும். மூட்டிலிருந்து நீர்க்கட்டி வந்து ஒட்டியிருந்தாலோ, முன்பே ஆபரேஷன் ஆன இடமாக இருந்தாலோ வாய்ப்பு இன்னும் கூடும்.

எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்று கேட்டால், யார் எந்த ஆபரேஷனை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். அமெரிக்காவில் 13 மையங்கள் சேர்ந்து நடத்திய ஸ்போர்ட் என்ற பெரிய ஆய்வில், பாதை குறுகியதற்கு முதல் முறை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 9 பேருக்கும், டிஸ்க் ஆபரேஷனில் சுமார் 3 பேருக்கும் கிழிந்திருந்தது. கிழிந்தவர்களுக்கு ஆபரேஷன் நேரம் கூடியது, மருத்துவமனையில் தங்கியதும் கூடியது. ஆனால் சில வருடம் கழித்து வலியையும் நடமாட்டத்தையும் பார்த்தபோது கிழிந்தவர்களுக்கும் கிழியாதவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. கிழிசலை அப்போதே கண்டுபிடித்து அடைத்துவிட்டால் பெரும்பாலும் நிலைமை இதுதான்.

அடைப்பது எப்படி என்றால், முடி போன்ற நூலால் தைப்போம், தைக்க எட்டாத ஓரத்தில் இருந்தால் கொஞ்சம் கொழுப்பையோ தசையையோ கொலாஜன் துண்டையோ வைத்து மேலே ஃபைப்ரின் பசை போடுவோம். அப்புறம் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லி, நெஞ்சில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி, தையல் வழியாக நீர் கசிகிறதா என்று பார்ப்போம். அதற்குப் பிறகு தசை மேல் இருக்கிற உறையை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகத் தைப்பதும் டியூராவைத் தைப்பது போலவே முக்கியம், பல கசிவுகள் வெளியே வராமல் நிற்பது அந்த அடுக்கினால்தான்.

இப்போது படுக்கை. உட்கார்ந்தால் இடுப்புப் பகுதியில் நீரின் அழுத்தம் படுத்திருப்பதை விட இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், அதனால்தான் மட்டமாகப் படுக்கச் சொல்வது. முன்பெல்லாம் மூன்று நாள், ஏன் அதற்கு மேலும்கூடப் படுக்க வைத்தார்கள். இப்போது நன்றாகத் தைத்த கிழிசலுக்குப் பலர் ஒரு நாளைக்குள்ளேயே எழுப்பிவிடுகிறார்கள், நீண்ட படுக்கையால் கசிவு குறைகிறது என்று காட்ட முடியவில்லை. ஆனால் 68 வயதில் ரொம்ப காலம் படுத்துக் கிடந்தால் காலில் ரத்தம் உறைவது, நெஞ்சில் சளி கட்டுவது, சிறுநீர்த் தொற்று இவையெல்லாம் உண்மையாகவே வரும். உங்கள் சர்ஜன் நாளைக்கு உட்காரச் சொன்னால் உட்கார வையுங்கள். இன்னும் படுக்க வைக்கச் சொல்லி நீங்கள் கெஞ்ச வேண்டாம்.

கிழிந்ததை அவர் தானாகவே வெளியே வந்து சொல்லியிருக்கிறார் பாருங்கள், என்னைக் கேட்டால் அதற்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

தென்னங்கீற்று:

டாக்டர், நன்றி. அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன், சுவரொட்டி விஷயத்தில் சிரித்துவிட்டார்.

ஆனால் இன்று உட்கார வைத்தபோது கொஞ்ச நேரத்திலேயே பின்மண்டையும் கழுத்தும் பிடித்து இழுப்பது போல் வலி என்றார், குமட்டலும் இருந்தது. படுக்க வைத்ததும் குறைந்துவிட்டது. மாலையில் மறுபடி முயன்றோம், அதேதான். கட்டின் ஓரத்தில் லேசாக ஈரம் தெரிகிறது, ரத்தம் மாதிரி இல்லை, வெளிர் நிறம். டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டுக் காலையில் சர்ஜன் வருவார் என்றார். காலை வரை காத்திருக்கலாமா?

இரவுப்பணி:

முதுகெலும்பு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் போய்விடுகிறது, காயக் கட்டின் மேல் வெளிர் ஈரம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கசிவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் நடப்போம். காலை வரை காத்திருக்கலாமா என்பதை நீங்களும் முடிவு செய்ய வேண்டாம், நானும் முடிவு செய்ய மாட்டேன். இப்போதே வார்டு நர்ஸிடம் போய், உட்கார்ந்தால் வலிக்கிறது, படுத்தால் நிற்கிறது, கட்டு நனைந்திருக்கிறது என்று இதே வார்த்தைகளில் சொல்லி, சர்ஜனுக்குத் தெரிவித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வெறுமனே தலைவலி என்று சொன்னால் ஒரு பாராசிட்டமாலோடு முடிந்துவிடும்.

ஈரத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் யாரும் வாதாட வேண்டியதில்லை. நீங்களாகக் கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள், நனைந்த கட்டின் மேல் இன்னொரு பஞ்சை வைத்து ஒட்டவும் வேண்டாம், நனைந்த கட்டு கிருமிக்கு வழி, அவர்கள்தான் சுத்தமாக மாற்ற வேண்டும். ஆபரேஷன் காயத்திலிருந்து வெறும் ஊன்நீர் கசிவதும் உண்டு, அது மஞ்சளாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். தண்டுவட நீர் தண்ணீர் மாதிரி இருக்கும், ரத்தத்தோடு கலந்தால் நடுவில் சிவப்பும் சுற்றி வெளிர் வளையமும் தெரியலாம். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, சந்தேகம் என்றால் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற சோதனைக்கு அந்த நீரை அனுப்புவார்கள்.

இந்தத் தலைவலி பயமுறுத்தும், ஆனால் அது மட்டும் என்றால் பெரும்பாலும் சமாளிக்கக் கூடியது. மறுபடி மட்டமாகப் படுக்கை, போதுமான நீராகாரம், வலி மருந்து, சிலருக்கு காப்பி கொஞ்சம் கேட்கும். வெளிச்சம் கூசலாம், காது அடைத்த மாதிரி, இரைச்சல் மாதிரி இருக்கலாம், சிலருக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். எல்லாவற்றையும் சொல்லுங்கள், எதுவும் அற்ப விஷயம் இல்லை.

வேறு சில விஷயங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் குளிரும் வந்து கழுத்து விறைத்துப்போனால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், அது மூளை உறைத் தொற்றாக இருக்கலாம். படுத்தால் போய்க்கொண்டிருந்த தலைவலி படுத்தும் போகாமல் எந்நேரமும் இருக்கிற வலியாக மாறினால், அல்லது ஆள் மந்தமாகி எழுப்பக் கஷ்டப்பட்டால், தலைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அரிதானதுதான், ஆனாலும் பார்க்க வேண்டும். கால் பலவீனம் புதிதாக வந்தால், மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ அதுவும் அவசரம். குழாய் போட்டிருந்தால் சிறுநீர் விஷயம் மறைந்துவிடும், அதனால் குழாயை எடுத்த பிறகு அவர் தானாகப் போகிறாரா என்று கவனியுங்கள்.

முதுகில் டிரெய்ன் குழாய், அதாவது காயத்துக்குள் தேங்குவதை வெளியே ஒரு பைக்கு எடுக்கும் குழாய், இருக்கிறதா? இருந்தால் அதில் திடீரென்று தெளிவான நீர் நிறைய வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பையை நீங்கள் அழுத்துவதோ இடம் மாற்றுவதோ வேண்டாம், உறிஞ்சும் அழுத்தம் கூடினால் நீரை இழுத்துவிடும்.

இரண்டாம்தையல்:

மேலே ஒருவர் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறார், நல்லது. நான் மறுபக்கத்தில் இருந்தவள், அதையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா.

எனக்கு ஆபரேஷனில் கிழிந்ததே தெரியவில்லை, யாரும் தைக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்தால் தலை பிளக்கிற வலி. தூக்கமின்மை, பதற்றம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அப்புறம் தழும்புக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம், உட்கார்ந்தால் பெரிதாகும், படுத்தால் சிறிதாகும். எம்ஆர்ஐ எடுத்தபோது தோலுக்குக் கீழே நீர் ஒரு பையாகத் தேங்கி நிற்பது தெரிந்தது. சின்னப் பையாக இருந்து தொந்தரவு தராவிட்டால் அதுவே வற்றிப்போக விட்டுவிடுவார்களாம். என்னுடையது வளர்ந்துகொண்டே போனது, இடது காலிலும் புதிதாகச் சுளீர் சுளீர் என்று வலி வந்தது. மறுபடி திறந்தார்கள். கிழிசல் வழியாக ஒரு நரம்பு இழை வெளியே பிதுங்கிச் சிக்கியிருந்ததாம், அதை உள்ளே தள்ளித் தைத்தார்கள். மறுநாளே அந்தச் சுளீர் வலி போய்விட்டது, தலைவலியும் எழுந்து உட்கார்ந்த பிறகு திரும்பவில்லை.

பயமுறுத்த எழுதவில்லை. இரண்டாவது ஆபரேஷன் வரை போகிறவர்கள் குறைவு என்று எனக்கும் தெரியும், அதற்கு முன்னால் செய்ய நிறைய இருக்கிறது, சிலருக்குக் காயத்தில் கூடுதலாக ஒரு தையல் போட்டாலே நின்றுவிடுகிறது, சிலருக்கு நோயாளியின் ரத்தத்தையே எடுத்து உறைக்கு வெளியே ஏற்றி அடைக்கிறார்கள், சிலருக்கு வேறு இடத்தில் மெல்லிய குழாய் போட்டு நீரை வெளியே எடுத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். உங்கள் அப்பா மருத்துவமனையில் இருக்கும்போதே இது தெரிந்துவிட்டது. எனக்கு அந்த வசதி இல்லை, கசிவு என்ற சொல்லே யார் வாயிலும் வராமல் பல வாரம் போனது. எனக்கு இன்றும் கோபம் இருக்கிறதென்றால் கிழிந்ததற்காக இல்லை, நான் சொன்னதை யாரும் காது கொடுத்துக் கேட்காததற்காக.

நேர்மறுப்பு:

இரண்டாம்தையல் அக்கா எழுதியதைத்தான் நானும் சொல்கிறேன், கொஞ்சம் காரமாகச் சொன்னேன், அவ்வளவுதான். கத்திமுனை சார், உங்கள் வாதப்படி எந்தக் கிழிசலுக்கும் யாரும் பொறுப்பில்லை, அப்படித்தானே?

கத்திமுனை:

அப்படி நான் எழுதவில்லை. ஒட்டிப்போன ஜவ்வை உரிக்கும்போது கிழிவது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கக் கூடியது, நல்ல கைகளுக்கும் நடக்கிறது, எனக்கும் நடந்திருக்கிறது, இனியும் நடக்கும். கிழிந்ததைப் பார்த்தும் அடைக்காமல் மூடுவது, ஆபரேஷன் குறிப்பில் எழுதாமல் விடுவது, நோயாளியிடம் மறைப்பது, பிறகு அவர் வந்து உட்கார்ந்தால் தலை வலிக்கிறது என்று சொல்லியும் அனுப்பிவிடுவது, இதற்கெல்லாம் என்னிடம் சமாதானம் கிடையாது. கேள்வி கேட்பதாக இருந்தால் அங்கே கேளுங்கள். நீங்கள் சொன்ன கேஸ் ஷீட் நகலை நானும் வாங்கச் சொல்வேன், காரணம் வேறு. அடுத்து யார் அந்த முதுகைப் பார்த்தாலும் எந்த இடத்தில் கிழிந்தது, எதை வைத்து அடைத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாம்தையல், டேபிளில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் கிழிசல் உண்டு. டியூரா மட்டும் கிழிந்து உள்ளே அரக்னாய்டு முழுசாக இருந்தால் அப்போது நீரே வராது, அது பிறகு ஒரு நாள் இருமும்போதோ குனியும்போதோ விட்டுக்கொடுக்கலாம். எலும்பின் கூரான ஓரம் உராய்ந்து பின்னால் கிழிவதும் உண்டு. அதனால்தான் ஆபரேஷனில் ஒன்றும் நடக்கவில்லை என்ற குறிப்பை வைத்துக்கொண்டு நோயாளி சொல்வதைத் தள்ளக் கூடாது என்கிறேன்.

தென்னங்கீற்று:

இரவே நர்ஸிடம் அப்படியே சொன்னேன், டியூட்டி டாக்டர் சர்ஜனைக் கூப்பிட்டார், அவர் வந்துவிட்டார். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கீழ் ஓரத்தில் ஓர் இடத்தில் கசிவு இருக்கிறது என்று அங்கேயே மரத்துப்போகும் ஊசி போட்டுக் கூடுதல் தையல் போட்டார். மறுபடி மட்டமாகப் படுக்கை. நின்றுவிட்டால் சரி, நிற்காவிட்டால் எம்ஆர்ஐ எடுத்து அடுத்ததை யோசிப்போம் என்றார்.

எழுத இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்கவும். தையலுக்குப் பிறகு கட்டு காய்ந்தே இருக்கிறது. கட்டிலின் தலைப்பக்கத்தைப் படிப்படியாக உயர்த்தி, பிறகு உட்கார வைத்தார்கள், முதல் தடவை லேசான வலி, அடுத்த நாள் அதுவும் இல்லை. இப்போது பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடக்கிறார். பாத மரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அது இந்தக் கிழிசலால் வந்ததா? வீட்டுக்குப் போனபின் என்னென்ன செய்ய வைக்கலாம்?

நடைவண்டி:

நான் பிசியோதெரபிஸ்ட். மரப்பு ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததா என்று அப்பாவிடம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள், வலி பெரிதாக இருக்கும்போது மரப்பைப் பலர் கவனிப்பதே இல்லை, வலி போன பிறகுதான் அது தெரியும். பல வருடம் நெரிபட்ட நரம்பில் வலி முதலில் விடும், பலம் அடுத்து, உணர்ச்சி கடைசியில், அதுவும் மாதக் கணக்கில். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு தங்கியும் விடும். மரப்பு பரவினாலோ பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ அது வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.

எழுப்பும்போது நேராக முதுகை வளைத்துத் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்க வைத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழக் கூடாது, மூச்சை விட்டுக்கொண்டே எழச் சொல்லுங்கள், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்ததும் உடனே நிற்க வேண்டாம், ரத்த அழுத்தம் சீராகட்டும்.

வீட்டில் நடைதான் முதல் பயிற்சி. ஒரே தடவையில் நிறைய நடப்பதை விட, பலமுறை கொஞ்சம் கொஞ்சமாக. சாதாரண முதுகு ஆபரேஷனுக்குச் சொல்வதேதான் இவருக்கும், குனிந்து எடுப்பது, திரும்பித் தூக்குவது, கனம் சுமப்பது வேண்டாம். கிழிந்தவர்களுக்குச் சர்ஜன் இந்தத் தடைக் காலத்தைக் கொஞ்சம் நீட்டுவார், எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். வயிற்றை இறுக்கும் பயிற்சிகள், உட்கார்ந்து எழும் பயிற்சிகள் எல்லாம் அவர் சரி என்ற பிறகுதான். இணையத்தில் வீடியோ பார்த்து முதுகை முறுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். படுத்திருக்கும் நேரத்தில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும், கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வலியோ வீக்கமோ வந்தால் அலட்சியம் வேண்டாம்.

வலி ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். நன்றாக நடந்த மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டால் தையல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

தென்னங்கீற்று:

நன்றி. கடைசியாக ஒன்று. அப்பாவுக்குக் குடலிறக்கம் இருக்கிறது, அதற்கும் ஒரு நாள் ஆபரேஷன் செய்ய வேண்டும். அப்போது முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்களே, அதைப் போடலாமா?

கத்திமுனை:

அந்த மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஆபரேஷனையும் கிழிசலையும் முன்கூட்டியே சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள். முதுகு ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்த ஊசியே கூடாது என்பதில்லை. தழும்பு இருக்கிற மட்டத்தில் ஊசி இறங்குவதும் மருந்து பரவுவதும் கணிக்க முடியாமல் போகலாம், அதனால் படம் பார்த்து வேறு மட்டத்தில் போடுவார்கள், அல்லது முழு மயக்கமோ, அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசியோ போதும் என்பார்கள். குடலிறக்கத்துக்கு இந்த மூன்று வழியும் உண்டு. உடனே செய்தாக வேண்டிய நிலை இல்லையென்றால் முதுகு முழுசாக ஆறிய பிறகு வைத்துக்கொள்ளலாம், இரண்டு சர்ஜன்களையும் கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள். அதுவரை முக்குவதும் இருமுவதும் முதுகுக்கு மட்டுமல்ல, குடலிறக்கத்துக்கும் ஆகாது, எனவே அந்த மலமிளக்கியை நிறுத்திவிடாதீர்கள். குடலிறக்கம் திடீரென்று உள்ளே போகாமல் கட்டியாகி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.